பச்சை நோட்டில் ஒரு வரி

செப்டம்பர் 9, செவ்வாய். பச்சை நோட்டில் நான் ஒரு வரி எழுதிவிட்டேன். எழுதியிருக்கக் கூடாது. எழுதியது பொய்யில்லை, ஆனாலும் தவறு என்னுடையதுதான். யார் யார் எழுதலாம் என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. நான் அட்டையைப் படிக்கவில்லை. எதையும் படிக்காமல் விடுகிறவள் இல்லை என்று என்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டின் இளையவள் இவ்வளவையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். மூடிய பேனாவைத் திறந்து, ‘எழுதியது பொய்யில்லை’ என்பதை அடித்தாள். அது சாக்குச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு அடித்ததும் சரியில்லை என்று தோன்றி, அதையே மறுபடி மேலே எழுதினாள்.

வாரத்தில் மூன்று மாலை அவள் ஆவணப் பராமரிப்பு வகுப்புக்குப் போகிறாள். தினமும் ஒரு பக்கம் எழுத வேண்டும், அன்றைய தவறு ஒன்றை முதலில் எழுத வேண்டும் என்பது வகுப்பின் கட்டளை. மற்றவர்கள் தவறு தேடி அலைவார்கள். இளையவளுக்கு அந்தக் கஷ்டம் இல்லை, ஒரு நாளில் நாலைந்து கையில் இருக்கும், எதை எடுப்பது என்பதுதான் குழப்பம். பகலில் அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் விடுவது. ஒரு முனையை இவள் பிடிக்க, மறுமுனையை இன்னொருத்தி பிடிக்க, ஈரத்துணி சூடான உருளைக்குள் போய்த் தகடுபோல் வெளியே வரும். எட்டு மணி நேரம் ஆவியில் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால் வெளியே பெய்கிற மழைகூடக் குளிர்ச்சியாக இருக்கும். அந்த மாதம் மழை விடவே இல்லை.

வீடு இரண்டு அறை. முன்னறையில் ஜன்னலோரம் அப்பாவின் கட்டில். முப்பது வருஷம் மின்தூக்கி பழுது பார்த்தவர். இரண்டரை மாதத்துக்கு முன் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாதம் வந்து விழுந்தார். இடது கையும் இடது காலும் போயின, பேச்சு பாதி போனது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் இருந்து வீட்டுக்கு வந்தபோது, கூடவே நோட்டுகளும் வந்தன. நர்ஸுக்கு நீல நோட்டு. உடற்பயிற்சி சிகிச்சைக்காரருக்கு, அதாவது பிசியோவுக்குப் பச்சை. தெருமுனை கிளினிக் டாக்டருக்கு வெள்ளை. மருந்துக்கடைக்காரருக்கு நோட்டு இல்லை, மஞ்சள் அட்டை. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கவுன்சில், ஒவ்வொரு கவுன்சிலுக்கும் ஒரு நிறம். நான்கும் சமையலறையில் ஃப்ரிட்ஜின் தலைமேல் அடுக்கியிருக்கும். ஒருவர் நோட்டில் இன்னொருவர் எழுதக் கூடாது. எழுதுவது இருக்கட்டும், திறந்து பார்க்கவே கூடாது.

“நாலு சக்களத்தி மாதிரி உக்காந்திருக்கு பாரு. ஒண்ணு மூஞ்சியில ஒண்ணு முழிக்காது” என்பாள் அம்மா. அவள் தையல் மெஷினில் பைகளுக்குக் கைப்பிடி தைக்கிறவள். மெஷின் ஓடும்போதும் அவள் பேச்சு நிற்காது.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். பத்தரைக்குப் பிசியோ வந்தான். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது, குடையை வாசலில் உதறிவிட்டு, காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவான். அப்பாவை இடுப்பில் பிடித்து எழுப்பினான். அப்பா எழுந்தார், நின்றார். பத்து எண்ணுவதற்குள் முகம் சாம்பலாகி, நெற்றியில் வேர்வை துளிர்த்து, ‘தலை சுத்துது’ என்று குழறி, அப்படியே கட்டிலில் சரிந்துவிட்டார். நிற்கும் பயிற்சி தொடங்கிய போன வெள்ளிக்கிழமையும் இதேதான். பிசியோ நோட்டை எடுத்து ‘மறுத்தார்’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனான்.

இளையவளுக்கு அன்று மதிய ஷிஃப்ட். நோட்டைத் திறந்து பார்த்தாள். பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. கீழே எழுதினாள்: ‘மறுக்கவில்லை. நின்றார். தலை சுற்றுகிறது என்றார். நேரம் 10.41.’

ஐந்து நிமிஷத்தில் பிசியோ திரும்பி வந்தான். குடையை மறந்துவிட்டுப் போயிருந்தான். நோட்டு திறந்தபடி கிடந்தது.

“ஐயோ, என்னங்க இது?” என்றான். தலையில் கை வைத்துக்கொண்டான். “வெளியாள் கையெழுத்து விழுந்தா அந்தப் பக்கம் செல்லாது. பக்கம் செல்லலேன்னா இன்னைக்கு நான் வந்தது என் சம்பளக் கணக்குல வராது, அவர் மறுத்தது மட்டும் கணக்குல நிக்கும்.”

“கிழிச்சிடலாமா?”

“பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்குங்க!”

“அப்ப என்ன பண்றது?”

“இதை நான் பார்க்காம இருந்திருந்தாக்கூட எப்படியாவது சமாளிச்சிருப்பேன்.”

“நீங்கதான் குடையை மறந்துட்டுப் போனீங்க.”

“அது என் தப்புதான்” என்று ஒத்துக்கொண்டான். நல்ல பையன். அதுதான் எரிச்சலாக இருந்தது, திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை.

அம்மா மெஷினை நிறுத்தினாள். “தம்பி, நீங்களே அதை எழுதியிருக்கலாம்ல? மனுஷன் தலை சுத்தி விழுந்ததை உங்க கண்ணால பார்த்தீங்க.”

“தலைசுத்தல் என் நோட்டுல கிடையாதும்மா. நான் எழுதினா நோயைக் கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும். அது டாக்டர் வேலை. எனக்கு ரெண்டே கட்டம். ஒத்துழைத்தார், மறுத்தார்.”

“கட்டம் போட்ட மகராசனை ஒரு நாள் இந்தக் கட்டில்ல கொண்டாந்து படுக்க வை. அவன் ஒத்துழைக்கிறானா பாப்போம்.”

கட்டிலிலிருந்து அப்பா ஏதோ சொன்னார். வாய் கோணலாக இழுத்துச் சொன்னதில் மூவருக்கும் புரிந்தது ஒரே ஒரு சொல். அது நோட்டில் எழுதக்கூடியது அல்ல.

பிசியோ குடையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். “வெள்ளிக்கிழமை மூணாவது. மூணு தடவை ஆகாம போச்சுன்னா வீட்டுப் பட்டியல்லேருந்து பேரை எடுத்துடுவாங்க. நெடுநாள் விடுதிக்கு மாத்திடுவாங்க. நான் சொல்லி ஒண்ணும் ஆகாது.”

நெடுநாள் விடுதி இரண்டு பஸ் மாறிப் போகிற இடம். அங்கே போனவர்களில் நடந்து திரும்பியவர் என்று அந்தத் தெருவில் யாரையும் காட்ட முடியாது.

*

புதன்கிழமை சலவைக்கூடத்தில் இளையவள் இரண்டு விரிப்புகளைக் கோணலாக விட்டாள். எதிர்முனைக்காரி, “ஏய், உன் பக்கம் இழு, என் பக்கமே வந்துட்டிருக்கு. புத்தி எங்க இருக்கு?” என்றாள். புத்தி, சுவரில் ஒட்டியிருந்த ஒரு சுவரொட்டியில் இருந்தது. நான்கு கைகள் ஒன்றையொன்று மணிக்கட்டில் பிடித்துச் சதுரமாக நிற்கும் படம். ‘கூட்டுப் பராமரிப்புச் சட்டம்: உங்களுக்காக நாங்கள் ஒன்றாக.’ போன வருஷம் வந்த சட்டம். டாக்டரும் நர்ஸும் மற்றவர்களும் இனிமேல் கலந்து பேசி வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே கொண்டுவந்தது.

இடைவேளையில் சுவரொட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். இயந்திரங்களின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேச வேண்டியிருந்தது.

“எங்க வீட்டுக்கு நாலு பேர் வர்றாங்க. அவங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசணும். அதுக்கு என்ன செய்யணும்?”

“கூட்டுப் படிவம் நிரப்பணும்மா. நாலு கட்டம் இருக்கும். நாலு பேரும் அவங்கவங்க கருத்தை எழுதணும்.”

“அப்ப ஒருத்தர் எழுதினதை அடுத்தவர் படிப்பாரா?”

“படிக்க மாட்டாங்க. எழுதினதும் மேல மடிச்சு ஒட்டிடணும். அடுத்தவங்க கருத்தைப் பார்த்து யாரும் மாத்திக்கக் கூடாது பாருங்க.”

“பின்ன யாரு படிப்பா?”

“கூட்டுக் குழு. ஆறு வாரத்துல பிரிச்சுப் பார்த்துப் பதில் போடுவாங்க.”

“எங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்.”

“எந்த வெள்ளிக்கிழமை?”

“நாளன்னைக்கு.”

மறுமுனையில் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “அது அவசரப் படிவம். அதைத் தொழில்முறையாளர்தான் கேக்கணும். நீங்க குடும்பம்தானே?” என்றது குரல். குடும்பம் என்பது ஏதோ ஒட்டுவாரொட்டி வியாதிபோல.

மாலையில் வகுப்புக்குப் போகாமல் நூலகத்துக்குப் போனாள். வகுப்பைத் தவறவிட்டதைக் குறித்துக்கொண்டாள். நான்கு கவுன்சில்களின் சுற்றறிக்கைகளையும் எடுத்து, ஒரு தாளில் கோடு போட்டு, யார் எதைச் செய்யக் கூடாது என்று எழுத ஆரம்பித்தாள். நர்ஸ், எழுதிக் கொடுத்த மருந்தைக் கொடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, நோயாளியை நிற்க வைக்கக் கூடாது. பிசியோ மருந்து பற்றிப் பேசக் கூடாது, ரத்த அழுத்தம் அளக்கக் கூடாது. மருந்துக்கடைக்காரர் தன் கடையில் வாங்காத மருந்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டாக்டர் இன்னொரு டாக்டர் எழுதியதைத் திருத்தக் கூடாது. தாள் நிரம்பிவிட்டது. பின்பக்கம் திருப்பி, ‘செய்யலாம்’ என்று தலைப்புப் போட்டாள். அதற்குக் கீழே எழுத ஒரே ஒரு வரிதான் கிடைத்தது. ஆனால் அந்த வரி நான்கு சுற்றறிக்கையிலும் அட்சரம் பிசகாமல் இருந்தது: ‘நோயாளிக்கு விளக்கம் அளிப்பதற்கு எத்தடையும் இல்லை.’

இதைத் தான் சரியாகப் புரிந்துகொண்டோமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. நான்கு முறை படித்தாள். நூலகம் மூடும் மணி அடித்தபோது ஐந்தாம் முறை படித்துக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை ஒவ்வொருவராகப் போய்க் கெஞ்சினாள். மற்ற மூவரும் வருவார்கள் என்பதை யாரிடமும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

நர்ஸிடம் காலையில் அவள் வந்தபோதே கேட்டாள். நர்ஸ் ஐம்பது வயதுக்காரி, மழைக்கோட்டைக் கழற்றாமலே பாதி வேலையை முடித்துவிடுவாள். “நாலு பேரு ஒரே நேரத்துல உக்காந்தா அது கூட்டம் பாப்பா. கூட்டத்துக்கு அனுமதி வாங்கணும்.”

“கூட்டம் இல்லக்கா. அப்பாவுக்கு விளக்கம் சொல்லப் போறீங்க. நீங்க சொல்ற நேரத்துல மத்தவங்களும் அப்பாவுக்கு விளக்கம் சொல்ல வந்திருப்பாங்க. அவ்வளவுதான்.”

நர்ஸ் மருந்துப் பெட்டியைப் பூட்டினாள். சாவியைக் கழுத்துக் கயிற்றில் மாட்டினாள். “இந்தப் புத்தியை எங்க வச்சிருந்தே இவ்வளவு நாளா?” என்றாள்.

மருந்துக்கடைக்காரர் சட்டென்று ஒத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மருந்துக்கடை வைத்திருக்கிறார்களே, அதன்மேல் அவருக்கு ஜென்மப்பகை. பிசியோ போனில், “என் பதிவு போயிடுச்சுன்னா உங்க சலவைக்கூடத்துல வேலை கிடைக்குமா?” என்று கேட்டான். டாக்டர் மட்டும், “பத்து நிமிஷம். உக்கார மாட்டேன். நின்னா அது கூட்டமில்ல” என்றார்.

*

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு வாசலில் நான்கு குடைகள் வடிந்துகொண்டிருந்தன. அம்மா தையல் மெஷினைச் சமையலறைக்குத் தள்ளிவிட்டிருந்தாள். அப்படியும் முன்னறையில் இடமில்லை. நர்ஸ் கட்டிலின் தலைமாட்டில், பிசியோ கால்மாட்டில், மருந்துக்கடைக்காரர் இருந்த ஒரே நாற்காலியில். டாக்டர் சொன்னபடியே நின்றார், கதவு நிலையில் சாய்ந்துகொண்டு. யாரும் யாரையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தார்கள். தலையணையில் சாய்ந்திருந்த அப்பாவுக்கு அம்மா கெட்டியான கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீராக இருந்தால் புரையேறும்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள் இளையவள். கையில் இருந்த தாளைப் பார்த்தாள். “யாரும் மத்தவங்ககிட்ட பேச வேண்டாம். அப்பாகிட்ட சொல்லுங்க. அவங்கவங்க என்ன செய்றீங்கன்னு மட்டும்.”

பிசியோதான் முதலில் தொண்டையைக் கனைத்தான். “ஐயா, வணக்கம். நான் உங்களை நிக்க வைக்கிறேன். நீங்க நிக்கிறீங்க. அதுக்கப்புறம்...” நிறுத்தினான். “அதுக்கப்புறம் நடக்கிறது உங்களுக்கே தெரியும்.”

அப்பா அவனை முறைத்தார். அவருக்கு எப்படித் தெரியாமல் இருக்கும்?

“ஐயா, உங்களுக்குச் சொல்றேன்” என்றாள் நர்ஸ். “தினமும் காலையில எட்டு மணிக்கு உங்களைப் படுத்த வாக்குல பிரஷர் பார்க்கிறேன். நல்லாத்தான் இருக்கு. நின்ன வாக்குல பார்க்கிறதில்ல, நோட்டுல அதுக்கு எடம் இல்ல. அப்புறம் அஞ்சு மாத்திரை. ரத்தம் உறையாம இருக்க ஒண்ணு, கொழுப்புக்கு ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு, பிரஷருக்கு ரெண்டு.” இரண்டு பெயர்களையும் சொன்னாள்.

மருந்துக்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். “ரெண்டாவதா என்ன பேரு சொன்னீங்க?”

“நான் உங்ககிட்ட பேசல.”

“சரி, ஐயாகிட்ட கேக்கிறேன். ஐயா, அவங்க ரெண்டாவதா சொன்ன பேரைக் கேட்டுச் சொல்லுங்க.”

அப்பா கஞ்சியை விழுங்கினார். அவருடைய வாயில் தன் பெயரே முழுசாக வராது. அந்த மாத்திரையின் பெயர் ஏழு அட்சரம். முதல் இரண்டைச் சொன்னார், மூன்றாவது நாக்கில் மாட்டிக்கொண்டது. நல்ல கையால் தலையணையில் அடித்தார்.

“அவ... வாயி... எங்க போச்சு?” என்றார்.

“நல்லாக் கேட்டீங்க” என்றாள் அம்மா. “இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்றது? ஏம்மா, அவர்தான் ஒரு முழ தூரத்துல உக்காந்திருக்காரே.”

நர்ஸ் சிவந்துபோனாள். ஆனால் புத்திசாலி. அப்பாவின் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கிற குரலில் அந்தப் பெயரைச் சொன்னாள். “ஆஸ்பத்திரியிலேருந்து வரும்போது கொடுத்தனுப்பினது ஐயா. மொதப் பேரு நம்ம கிளினிக் டாக்டர் எழுதினது.”

மருந்துக்கடைக்காரர் எழுந்துவிட்டார். “ஐயா, கேட்டுக்குங்க. ரெண்டும் வேற வேற பேரு. வேற வேற கம்பெனி. உள்ள இருக்கிற மருந்து ஒண்ணுதான். ஒரே சட்டையை ரெண்டு கடையில வாங்கி ஒண்ணு மேல ஒண்ணு போட்டிருக்கீங்க. ரெண்டு மாசமா நீங்க இரட்டிப்பு மருந்து சாப்பிடுறீங்க ஐயா!”

யாரும் டாக்டர் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பதற்கு எல்லோரும் படாத பாடு பட்டார்கள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஐயா” என்றார் அப்பாவிடம். அவரும் அந்தச் சொல்லுக்குப் பழகிவிட்டார். “ஆஸ்பத்திரியில என்ன எழுதினாங்கன்னு எனக்குக் கடிதம் வரணும். ரெண்டு மாசமா அது வந்துக்கிட்டே இருக்கு. அந்த மொத மாத்திரை பதினோரு வருஷமா நான் கொடுக்கிறது. படுத்த வாக்குல பிரஷர் நல்லா இருக்குன்னு இப்பத்தான் சொன்னாங்க. பின்ன எதை வச்சு நான் குறைக்கிறது?”

“படுத்த வாக்குலதான் ஐயா” என்றான் பிசியோ, அப்பாவின் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு. “நின்ன வாக்குல யாரும் பார்க்கல. நான் நிக்க வைக்கலாம், அளக்கக் கூடாது.”

“நான் அளக்கலாம் ஐயா. நிக்க வைக்கக் கூடாது.”

இளையவள் தன் தாளைப் பார்த்தாள். முன்பக்கத்தில் இரண்டும் இருந்தன, ஒன்றின்கீழ் ஒன்றாக. இரண்டு நாளாக அதைக் கையில் வைத்திருந்தும் இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

“லிஃப்ட்ல...” என்றார். மூச்சு வாங்கினார். “கதவுக்காரன்... வேற. கேபிள்காரன்... வேற.” வலது கையின் விரலால் பிசியோவைக் காட்டினார், நர்ஸைக் காட்டினார். “உள்ள... நான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன்டா!”

பிசியோ யோசிக்கவில்லை. குனிந்து அப்பாவின் இடுப்பைப் பிடித்தான். நர்ஸ் பிரஷர் மெஷினின் பட்டையை அவருடைய வலக்கையில் சுற்றினாள். படுக்க வைத்து ஒரு முறை அளந்து, “நூத்தி இருபத்திரண்டு” என்று அப்பாவிடம் சொன்னாள். பிசியோ, “எழுந்திரிக்கிறோம் ஐயா, ஒண்ணு, ரெண்டு” என்று தூக்கினான். அப்பா நின்றார். அவன் தோள் அவர் அக்குளுக்குக் கீழே, அவள் கை அவர் முழங்கையில். இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு நின்றது அன்றுதான் முதல் முறை. அம்மா கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்க மறந்தாள். அப்பாவின் நெற்றியில் வேர்வை அரும்பியது.

“இருங்க ஐயா, இன்னும் கொஞ்சம்” என்றாள் நர்ஸ், பம்பை அமுக்கிக்கொண்டே. “தொண்ணூறு. இல்ல, எண்பத்தெட்டு. உக்கார வைங்க!”

கடைசி இரண்டு சொற்களை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. நேராகப் பிசியோவைப் பார்த்துச் சொன்னாள். அவனும் மறுபேச்சில்லாமல் உட்கார வைத்தான்.

அப்பா வாய் வழியாக மூச்சு விட்டார். டாக்டர் கதவு நிலையை விட்டு உள்ளே வந்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். உட்காரக் கூடாது என்பது மறந்துபோயிற்று. அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

“ஆஸ்பத்திரிக்காரங்க எழுதினதை நான் அடிக்க முடியாது ஐயா” என்றார். “என்னுதை நான் அடிக்கலாம். இன்னைக்கே அவங்களுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்.”

“அவங்க கவுன்சில்...” என்று ஆரம்பித்தார் மருந்துக்கடைக்காரர்.

“அண்ணே, நீங்க ஐயாகிட்ட பேசுங்க” என்றார் டாக்டர் எரிச்சலாக. பிறகு வெள்ளை நோட்டை வாங்கி, பதினோரு வருஷத்து மாத்திரையின்மேல் கோடு கிழித்து, தேதி போட்டார். ஒரு மூத்த டாக்டர் தன் கையெழுத்தைத் தானே அடிக்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பது நாகரிகமில்லை என்று இளையவள் ஜன்னலைப் பார்த்தாள்.

போகும்போது அவர் அவளிடம் மட்டும் சொன்னார். “இது ஒரே நாள்ல சரியாகாது. மருந்து உடம்பை விட்டு இறங்க ரெண்டு மூணு நாள் ஆகும். அதுவரைக்கும் நடக்க வைக்கிறேன்னு கிளம்பிடாதீங்க.”

மருந்துக்கடைக்காரரும் அவர் பின்னாலேயே போனார். பிசியோ மட்டும் பச்சை நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதுதான் எல்லோரும் பயந்த மூன்றாவது தடவை. டாக்டர் மாத்திரையை அடித்ததனால் இது இல்லாமல் போய்விடாது.

“மூணு அடி வச்சாத்தான் ஒத்துழைத்தார்னு போட முடியும்” என்றான். “இவர் ஒரு அடிகூட வைக்கல.”

“எப்படி வைப்பாரு? நீங்களேதானே உக்கார வச்சீங்க?” என்றாள் இளையவள். அவளுக்கே தன் குரல் புதிதாக இருந்தது. “நாலு பேரும் பார்த்தீங்க. எண்பத்தெட்டு. இதுக்கப்புறமும் மறுத்தார்னு போடுவீங்களா?”

“நான் என்ன போடணும்னு சொல்லுங்க. எனக்கு ரெண்டே கட்டம்.”

“மூணாவதா ஒண்ணு வரைஞ்சுக்கோ தம்பி” என்றாள் அம்மா. “உன் கையில பேனா இருக்குல்ல.”

அவன் சிரிக்கவில்லை. பிறகு இரண்டு கட்டத்தையும் விட்டுவிட்டு, ஓரத்தில் எழுதினான். எழுதியதை அப்பாவிடம்தான் வாசித்துக் காட்டினான். “பயிற்சி பாதியில் என்னால் நிறுத்தப்பட்டது. நிற்கும்போது ரத்த அழுத்தம் எண்பத்தெட்டு, அளந்தவர் நர்ஸ். பயிற்சி முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. திங்கட்கிழமை தொடரும்.” கையெழுத்துப் போட்டு, பதிவு எண்ணையும் முழுசாக எழுதினான். “எழுபத்திரண்டு மணி நேரம் வரைக்கும் ஒரு பயிற்சியைத் திறந்து வைக்கலாம்னு ஒரு விதி இருக்கு. யாரும் அதைச் செஞ்சு நான் பார்த்ததில்ல. திங்கட்கிழமை காலையில பத்தரைக்குள்ள மூணு அடி. அதுக்கு மேல என் கையில இல்ல.”

நர்ஸ் சனி, ஞாயிறுக்கான மாத்திரைகளைச் சிறு டப்பாவில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குப் பதில் நான்கு. “அளந்தவர்னு என்னை உன் நோட்டுல எழுதிட்டே” என்றாள் அவனிடம்.

“தப்பா?”

“தப்புதான். என் பேரை எழுதலையே. வெறும் நர்ஸ்னு போட்டா ஊர்ல ஆயிரம் நர்ஸ்.” மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டாள். “நாளைக்கு எனக்கு லீவு. இந்தப் பக்கமா வருவேன். பிரஷர் மெஷினை வீட்டுல வச்சுட்டு வர மறந்தாலும் மறந்துடுவேன்.”

“எனக்கும் லீவுதான்” என்றான் பிசியோ. “லீவு நாள்ல நான் யாரோ ஒருத்தன்.”

“வர்ற யாரோ ஒருத்தன் குடையை மறக்காம எடுத்துட்டுப் போ” என்றாள் அம்மா.

அவர்கள் போனபிறகு அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்குகிறார் என்று நினைத்தார்கள். கொஞ்ச நேரத்தில், “மூணா?” என்று கேட்டார்.

“மூணுதாங்க” என்றாள் அம்மா. “முப்பது இல்ல.”

போர்வைக்குள் வலது கால் அசைந்தது. இடது கால் அசையவில்லை. இளையவள் அதைக் கவனித்தாள், அம்மாவும் கவனித்தாள்.

மதிய ஷிஃப்ட் முடிந்து ஈரத்தலையோடு வந்து, இளையவள் தன் நோட்டில் எழுதினாள். அன்றைய தவறாக என்ன எழுதுவது என்று யோசித்தாள். மாத்திரைப் பெயர்களை இந்த இரண்டு மாதத்தில் ஒரு தடவையாவது தானே ஒரு தாளில் ஒன்றாக எழுதிப் பார்க்காததை எழுதினாள். அதற்குச் சாக்கு எதுவும் சேர்க்கவில்லை. பிறகு கோடு போட்டுவிட்டு மறுநாள் வேலையை எழுதினாள்.

நாளை, சனி. காலை எட்டு மணிக்கு நான்கு மாத்திரை மட்டும். அப்பாவை ஐந்து நிமிடம் கட்டில் விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார வைக்க வேண்டும். பத்தரைக்கு இரண்டு பேர் வருவார்கள், வேலையாக அல்ல. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, அப்பாவைத் தூக்கி நிறுத்துவது நான், குடும்பத்துக்குக் கவுன்சில் கிடையாது. பிடிக்க வேண்டியது இடது பக்கம். ஒரு நிமிடம். நடக்க வைக்கக் கூடாது.